கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தனியாகத் தயார் செய்யப் போகும் டீச்சர்களுக்கு

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கோ அறிவியலோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "இந்த வருஷம் கலைத் திருவிழாவை நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார்கள். கலைத் திருவிழா என்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடக்கும் கலைப் போட்டி. அப்படிச் சொல்லப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த யாராவது உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால், என் கைக்காசில் பாதியாவது மிஞ்சியிருக்கும். பிள்ளைகளும் இவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளி புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்னவாசல் பக்கம். நான் கணக்கு டீச்சர். ஆறு முதல் எட்டு வரை அறுபது பிள்ளைகளுக்குச் சற்று மேல். அந்த எண்ணிக்கையில்தான் விஷயமே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர். தமிழ்நாட்டில் 2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்தில் மூன்று அரை நாள் வேலைக்கு அப்படிப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். அவர்களிலும் இசைக்கென்று வந்தவர்கள் குறைவு. நூற்றைத் தொடாத எங்களைப் போன்ற பள்ளிக்கு ஓவியமும் கிடையாது, பாட்டும் கிடையாது. கூப்பிடு தூரத்தில் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்த ஊருக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கூடத்தில் ச ரி க ம சொல்லித்தர ஆள் இல்லை. எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது.

2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து இந்த நிலைமையில் ஓர் அசைவு வந்தது. பள்ளி அளவில் போட்டி, அப்புறம் வட்டாரம், மாவட்டம், மாநிலம். மாநிலத்தில் ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். நல்ல திட்டம்தான், மனசாரச் சொல்கிறேன். ஆனால் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பள்ளிக்குப் போட்டித் தேதி மட்டும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. வந்த நாளுக்கும் போட்டி நாளுக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அதனால் முதலில் சொல்வது இதுதான்: சுற்றறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். போட்டிப் பிரிவுகளும் குழுவில் எத்தனை பேர் என்பதும் வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். ஆனாலும் போன வருஷத்து வழிகாட்டுதலை ஜூன் மாதமே வட்டார வள மையத்தில் கேட்டு வாங்கிவிடலாம். அதில் தொண்ணூறு சதவீதம் இந்த வருஷத்துக்கும் ஒத்துவரும்.

நான் பறையைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் எளிது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் அடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வயலினும் வீணையும் வாங்க வழியில்லை, சொல்லித்தரவும் ஆளில்லை. பிள்ளைகளுக்குக் காதில் ஏற்கெனவே இருக்கும் இசை அது. எட்டுப் பேர் கொண்ட குழு போடலாம் என்று நினைத்தேன். பெற்றோரிடம் கேட்கப் போனபோதுதான் நான் எதைத் தொட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஒரு தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க மாமனாரு சாவு வீட்டுல அடிச்சு, வாசல்ல நின்னு கூலி வாங்கினது போதும் டீச்சர். இதுலேருந்து வெளிய வரத்தான் பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறோம். நீங்க திரும்ப அதையே அது கையில குடுக்குறீங்களே?" என்னால் பதில் பேச முடியவில்லை. அதே வாரத்தில் இன்னொரு தெருவிலிருந்து ஓர் அப்பா வந்தார். "எம்புள்ள எதுக்கு டீச்சர் அதத் தொடணும்? வேற டான்ஸ் இருந்தா சேத்துக்கோங்க" என்றார். இரண்டு பேரும் மறுத்தார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த அம்மா சொன்னதில் பல தலைமுறை அவமானம் இருந்தது, அதற்கு நான் தலைகுனிய வேண்டும். அந்த அப்பா சொன்னதில் இருந்தது சாதிப் பெருமை, அதோடு நான் வாதாட வேண்டும். வாதாடினேன். அவர் மகன் கடைசியில் வந்தான். அந்த அம்மாவின் மகளை நான் வற்புறுத்தவில்லை. அவள் ஓவியப் போட்டிக்குப் போனாள்.

பறையோ அதுபோன்ற வேறு கலையோ எடுக்கப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடிக்கிற குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்து, "உனக்குத்தான் வருமே, நீ சேந்துக்கோ" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். வகுப்பு முழுவதற்கும் சொல்லி, விருப்பமுள்ளவர்கள் கை தூக்கட்டும். பெற்றோரிடம் தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேசி, தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால் பின்னால் பேச்சு வராது. அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்கள்தான், அவர்களே மற்ற பெற்றோரிடம் பேசுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் கட்டாயம். அதில் மாலைப் பயிற்சி, வெளியூர்ப் பயணம், படம் எடுப்பது மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

பறை வாத்தியாராக வந்த அந்தப் பக்கத்து ஊர்ப் பெரியவர் முதல் நாள் தாழ்வாரத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டார். "உள்ள வாங்கய்யா" என்றால், "இருக்கட்டும் டீச்சர், இங்கனயே சொல்லித்தாறேன்" என்றார். தலைமையாசிரியர்தான் தன் அறையிலிருந்து நாற்காலியை எடுத்துவந்து போட்டு, எங்களுக்கு வந்த டீயையே அதே டம்ளரில் அவருக்கும் கொடுத்தார். இதெல்லாம் இந்தக் காலத்தில் எழுத வேண்டியதா என்று நினைப்பவர்கள் கிராமத்துப் பள்ளியில் ஒரு வருஷம் வேலை பார்க்கட்டும். பிள்ளைகள் அன்றிலிருந்து அவரை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களை எப்படி எழுந்து வணங்குவார்களோ அப்படி அவரையும் வணங்கினார்கள். அவர் ஒத்தையடி, டப்பா அடி, சாமிச்சாட்டு அடி என்று ஒவ்வொன்றையும் எங்கே, எப்போது அடிப்பது என்று கதையோடு சொல்லித்தருவார். சிண்டுக்குச்சி என்னும் மெல்லிய நீளக் குச்சியை இடது கையில் எப்படிப் பிடிப்பது, வலது கையில் இருக்கும் குட்டையான அடிக்குச்சி தோலின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதிலேயே நாட்கள் போயின.

வாத்தியாருக்கு என்ன கொடுப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். "புள்ளைங்களுக்குத்தானே, நீங்க பாத்துக் குடுங்க" என்பார்கள். அப்படி விட்டால் இரண்டு பக்கமும் சங்கடம். ஒரு மாலைக்கு 500 ரூபாய், பேருந்துச் செலவு தனி என்று வைத்துக்கொண்டோம். அவர் கூலிக்காரர், ஒரு சாவு விழுந்தால் போயாக வேண்டும். அன்றைக்குப் பயிற்சி நின்றுவிடும். ஆடியிலும் பங்குனியிலும் கோயில் திருவிழாக்கள் இருப்பதால் ஆளே கிடைக்க மாட்டார். அந்த நாட்களுக்காக அவர் அடிப்பதைக் கைபேசியில் பல கோணத்தில் பதிவு செய்து வைத்துக்கொண்டோம், பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகினார்கள். உங்கள் ஊரில் கலைஞர் யாரையும் தெரியவில்லை என்றால் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையத்தில் கேளுங்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்குத் திருச்சி பக்கம், தென் மாவட்டத்தாருக்கு மதுரையும் திருநெல்வேலியும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்த கலைஞர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள். அவர் பள்ளியில் பயிற்சி அளித்தார் என்று பள்ளித் தாளில், முத்திரையோடு ஒரு சான்று கொடுங்கள். விருதுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் அவருக்குப் பணத்தைவிடப் பெரிசு.

பயிற்சி நேரம் எனக்குப் பெரிய போராட்டம். பகலில் அடித்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நடக்காது. சக ஆசிரியர்கள் முகம் மாறுவதில் நியாயம் இருக்கிறது, அவர்களுக்கும் பாடப்பகுதி முடிக்க வேண்டும். மாலையில் வைத்தால் தூரத்துப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும். இருட்டியபின் பெண் பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக நானே கொண்டு விட்டிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளை வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். அந்த வாரங்களில் நான் பலமுறை அழுதேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் கண்டுபிடித்த வழி இது: காலைப் பள்ளி தொடங்கும் முன் முக்கால் மணி நேரம், பறை இல்லாமல் வாயால் சொல்லிக் கையால் தொடையில் தட்டிப் பழகுவது. வாத்தியார் வரும் நாளில் மட்டும் கருவி. அடவும் கணக்கும் வாயில் ஏறிவிட்டால் கருவியில் வர நேரமாகாது. இதில் எனக்கு எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. மூன்று எண்ணிக்கைச் சொல்லை ஒரு வரிசையும், நான்கு எண்ணிக்கைச் சொல்லை மறு வரிசையும் சேர்ந்து சொன்னால் பன்னிரண்டில்தான் இரண்டும் ஒன்றாக வந்து விழும். மீச்சிறு பொது மடங்கை நான் கரும்பலகையில் எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குப் போல எந்த வகுப்பும் அதைப் பிடித்ததில்லை.

இனி பணம். வட்டாரம், மாவட்டம் இரண்டுக்கும் சேர்த்து என் கையிலிருந்து போனது 26,500 ரூபாய். வாத்தியாருக்கு 8,000. வேன் இரண்டு தடவைக்கு 6,500. சாப்பாடு, சலங்கை, மேக்கப், பூ எல்லாம் 4,500. மீதி 7,500 உடைக்கு, அதில்தான் நான் ஏமாந்தது. உடை வாடகைக் கடையில் எட்டு செட்டுக்கு முன்பணம் கட்டி வைத்தேன். ஐப்பசி மழைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், போட்டி தள்ளிப்போனது. கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை, புதுத் தேதிக்கு மாற்றவும் இல்லை. "அன்னைக்கு வேற ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன் மேடம்" என்று முடித்துவிட்டார். மாவட்டம் முழுக்க ஒரே நாளில் போட்டி, எல்லாப் பள்ளியும் அதே நாலைந்து கடையில்தான் போய் நிற்கிறது. திரும்பவும் வேறொரு கடையில் கூடுதல் வாடகைக்கு எடுத்தேன். அதனால் முன்பணம் கட்டினால் ரசீதில், "போட்டித் தேதி மாறினால் அதே தொகைக்கு மாற்றித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். அதைவிட நல்ல வழி வாடகைக்குப் போகாமலே இருப்பது. ஒரே நிற வேட்டியும் துண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பருத்திப் பாவாடையும் வாங்கி, ஊர்த் தையல்காரரிடம் கொடுத்தால் வாடகையைவிடக் கொஞ்சம்தான் கூடும். உடை பள்ளியிலேயே இருக்கும், அடுத்த வருஷமும் ஆகும்.

என் பணத்தைப் போட்டதைத் தியாகம் என்று யாரும் புகழ வேண்டாம். அது நடந்திருக்கவே கூடாது. டீச்சர் கைக்காசு போடுவார் என்று பழகிவிட்டால், போட முடியாத டீச்சர் இருக்கும் பள்ளியின் பிள்ளைகள் மேடை ஏறவே மாட்டார்கள். பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருகிறது. முப்பத்தொன்று முதல் நூறு பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 25,000, நூற்றைத் தாண்டினால் 50,000 என்று போகும். அதில் சுண்ணாம்பும் குழாயும் மின்கட்டணமும் போக மிஞ்சுவது குறைவுதான். ஆனாலும் கருவி வாங்க ஒரு சிறு பங்கை மேலாண்மைக் குழுத் தீர்மானம் வழியாகக் கேட்டுப் பாருங்கள். முன்னாள் மாணவர்கள் கொடுக்க முன்வந்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் இருக்கிறது, கணக்கு வழக்கு சுத்தமாக இருக்கும். எந்த வழியில் வந்தாலும் கருவியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் மாறுதலில் போனபின் பறை யார் வீட்டுப் பரணிலும் போய்ச் சேரக் கூடாது.

வட்டாரத்தில் முதலிடம் வந்தோம். அந்த மகிழ்ச்சியை எழுத எனக்கு வார்த்தை போதாது, விடுகிறேன். மாவட்டப் போட்டியன்று விடிகாலையிலிருந்து தூறல். ஈரக்காற்றில் தோல் தொய்ந்து, தட்டினால் சத்தமே எழவில்லை. பறையை நெருப்பில் காய்ச்சித்தான் ஏற்ற வேண்டும். போட்டி நடந்த பள்ளி வளாகத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்றார்கள். பந்தலும் துணியும் இருக்கும் இடம், அவர்கள் சொன்னது சரிதான். வாத்தியார் ஒவ்வொரு பறையாகத் தூக்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய், மாஸ்டரிடம் கேட்டு, பாய்லருக்குப் பக்கத்தில் காய்ச்சி எடுத்துவந்தார். எங்களுக்குக் காலை பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள், ஏறியது மூன்று மணிக்குப் பின். அதற்குள் தோல் மறுபடியும் இறங்கிவிட்டது. பிள்ளைகள் மேக்கப் கலைந்துவிடும் என்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, ஒருத்தி மயங்கி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாமிடம். முதலிடம் மட்டும்தான் மாநிலத்துக்குப் போக முடியும். வேனில் ஒருவரும் பேசவில்லை.

மழை மாதத்தில் தோல் கருவி என்றால் இதையெல்லாம் யோசித்துக்கொள்ளுங்கள்: குழுவில் பாதிப் பேருக்காவது ஃபைபர் முகம் போட்ட பறை இருந்தால் ஈரத்தில் கைவிடாது. நாதம் தோல் அளவுக்கு வராது என்று வாத்தியார் வருத்தப்படுவார், அது உண்மையும்கூட. ஆனால் சத்தமே வராததற்கு அது மேல். தோல் பறையைத் தார்ப்பாயில் சுற்றி எடுத்துப் போங்கள். முந்தின நாளே இடத்தைப் போய்ப் பார்த்து, எங்கே காய்ச்சலாம் என்று முடிவு செய்யுங்கள். சொன்ன நேரத்தை நம்பாமல் நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றே தயாராகுங்கள். வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர் உங்கள் பையில் இருக்கட்டும். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்காக நாப்கினும் மாற்றுடையும் கட்டாயம். கூட ஒரு பெண் பெற்றோரை அழைத்துப் போங்கள், எட்டுப் பிள்ளைகளோடு தனியாகப் போகாதீர்கள். எமிஸில், அதாவது கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில், பதிந்த பெயரும் மேடை ஏறும் பிள்ளையும் ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். கடைசி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆளை மாற்றிய பக்கத்துப் பள்ளிக் குழு, பதிவில் பெயர் இல்லாமல் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன்.

எனக்கு உண்மையான வேதனை தோல்வியில் இல்லை, அதற்கு அடுத்த வாரத்தில். கடன் வாங்கிய பறைகள் திரும்பிப் போய்விட்டன. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அதுவரை வாரத்தில் இரண்டு நாள் மாடு மேய்க்கப் போய்விடுகிறவன், பயிற்சிக் காலம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் வந்தான். "இனிமே ஐயா எப்ப வருவாரு டீச்சர்?" என்று கேட்டான். அடுத்த வருஷம்தான் என்று சொன்னேன். மறுவாரம் அவன் திரும்பவும் வரவில்லை.

அவனுக்காகத்தான் வேறு என்ன வழி இருக்கிறது என்று தேடினேன். புதுக்கோட்டையிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மாநிலத்தில் இப்படிப் பதினேழு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடம், மூன்று வருஷம், கட்டணம் மிகக் குறைவு, 12 வயது முதல் சேரலாம். ஆசையோடு போனேன். ஆனால் அது பகல் நேர வகுப்பு. எட்டாம் வகுப்பையும் படித்துக்கொண்டு அங்கேயும் போக முடியாது. பள்ளிப் படிப்பு முடித்தபின் தவிலையோ நாதசுரத்தையோ தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு அது அருமையான இடம், அப்போது மறக்காமல் சொல்லுங்கள். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் பொருந்தும். 5 வயது முதல் 16 வரை, பள்ளி நேரம் போக வகுப்பு வைக்கிறார்கள், பாட்டு, நடனம், ஓவியம் இருக்கும். எங்கள் ஊரிலிருந்து வாரா வாரம் ஒரு பிள்ளை தனியாகப் பேருந்தேறிப் போய்வருவது நடக்காத காரியம். ஓவியத்தில் கை இருக்கும் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் கிரேடு தொழில்நுட்பத் தேர்வுகளைப் பற்றியும் சொல்லி வையுங்கள், இசைக்கும் உண்டு.

ஆக, பிள்ளை கலையைத் தேடிப் போக முடியாத ஊரில் கலை பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் பேசினேன். இப்போது வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை வாத்தியார் வருகிறார். போட்டிக்கென்று இல்லாமல், ஆறு முதல் எட்டு வரை விருப்பமுள்ள எல்லோருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் நால்வர், மாதா மாதம் அவர் வங்கிக் கணக்குக்கே நேராகப் பணம் போடுகிறார்கள். நடுவில் என் கை இல்லை. வந்த நாள், போன நேரம் எல்லாம் ஒரு நோட்டில் அவர் கையெழுத்தோடு இருக்கிறது. நான்கு பறை சொந்தமாக வாங்கியிருக்கிறோம். தரையில் வைத்தால் எலி கடிக்கும், ஈரம் ஏறும் என்பதால் ஆசிரியர் அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். அந்தப் பையன் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான். மற்ற நாட்களிலும் முன்பைவிட வருகிறான், முழுக்க இல்லை. ஓவியத்துக்குப் போன அந்தப் பெண் இன்னும் பறையைத் தொடவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை. அவள் அம்மா மட்டும் போன மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பாட்டுக்கும் ஒரு டீச்சர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எழுந்து சொன்னார். அதையும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பியிருக்கிறோம்.